நல்லவர் யார், கெட்டவர் யார்? நம் நூலகப் புத்தகங்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கிளை நூலகம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. வாசகர் வட்டம் கூடும்போது எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும்: இதில் யார் நல்லவர், யார் கெட்டவர்? பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர் கேட்கிறார்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்கள் என்னுடையவை. மாற்றுக் கருத்து இருந்தால் வட்டத்துக்கு வந்து பேசலாம்.

வில்லன் வரும் கதைகளுக்குத் தனி அலமாரி இருக்கிறதா?

கிடையாது. ஆனால் ஒரே ஆளை மூன்று அலமாரிகளில் பார்க்கலாம். புத்தக முதுகில் டூயி பகுப்பு எண் (நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண்) ஒட்டியிருந்தால் கவனித்துப் பாருங்கள். 894.811 என்று ஆரம்பித்தால் தமிழ் இலக்கியம். அதிலேயே 894.8111 கவிதை, 894.8113 கதையும் நாவலும். 954.82 தமிழ்நாட்டு வரலாறு. 294.5 இந்து சமயம். ராவணன் கவிதையிலும் இருப்பான், நாவலிலும் இருப்பான், சமயத்திலும் இருப்பான். மூன்று இடத்திலும் அவன் ஒரே மாதிரி இருக்க மாட்டான். ஒருவர் கெட்டவரா என்று தெரிய வேண்டுமானால் ஒரு அலமாரியோடு நிற்காமல் அடுத்ததற்கும் போங்கள். கீழே வரும் பல கேள்விகளுக்கும் என் பதில் இதுதான்.

‘பொன்னியின் செல்வன்’ படித்து முடித்தேன். பழுவேட்டரையர்கள் நிஜமாகவே துரோகிகளா?

எங்கள் நூலகத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கல்கி மாயவரத்துப் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தவர். 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய இந்த நாவலை நம் ஊர்க்காரர்கள் கதையாக மட்டும் படிப்பதில்லை, சொந்த ஊர் வரலாறாகவே படிக்கிறார்கள். அதனால் கதையில் கெட்ட பெயர் வாங்கியவருக்கு வரலாற்றிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

முதலில் நாவலையே நிதானமாகப் படியுங்கள். பெரிய பழுவேட்டரையர் உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண் தாங்கியவர். சோழ நாட்டுக்காகப் போரிட்ட குடும்பம் அது. அவர்கள் செய்கிற சதி என்ன? சுந்தர சோழருக்குப் பிறகு கண்டராதித்தரின் மகனுக்குப் பட்டம் கட்ட வேண்டும் என்கிறார்கள். கண்டராதித்தர் மூத்த வழி என்பதால் அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஐந்தாம் பாகத்தில் பெரிய பழுவேட்டரையர் பேசுவதையும் அவர் எடுக்கும் முடிவையும் படித்தவர்கள் அப்புறம் அவரை வில்லன் என்று சொல்லத் தயங்குவார்கள். படிக்காதவர்களுக்காக அந்த முடிவை இங்கே சொல்லவில்லை.

இப்போது வரலாற்று அலமாரிக்கு வாருங்கள். பழுவேட்டரையர்கள் அரியலூர் மாவட்டம் பழுவூரைத் தலைநகராகக் கொண்ட சிற்றரசர்கள், சோழருக்குப் பெண் கொடுத்தவர்கள். மேலப்பழுவூரை ஒட்டிய கீழையூரில் இருக்கும் இரட்டைக் கோயிலைப் போய்ப் பாருங்கள், அவர்கள் காலத்துக் கலை எப்படிப்பட்டது என்று தெரியும். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளிலும் அந்த வம்சத்தார் மரியாதையோடு இருக்கிறார்கள். துரோகி என்று தள்ளப்பட்ட குடும்பத்துக்கு அப்படி ஓர் இடம் இருந்திருக்காது.

அப்படியானால் சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

இதற்கு மட்டும் கல்லில் எழுதிய சாட்சி இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்’ என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய நிலமும் உறவினர்களுடைய நிலமும் பறிமுதல் ஆனதைச் சொல்கிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம். அது அரசு அதிகாரிகளுக்குக் கொடுக்கும் பட்டம். நாவலில் காட்டில் கூடும் மந்திரவாதி ரவிதாசனை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கல்வெட்டைப் படித்தால் தூக்கிவாரிப் போடும்.

ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் ஆளுக்கொரு வில்லனை வைக்கிறார்கள். கல்கி பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளையும் (மன்னனுக்காக உயிரைக் கொடுக்கும் மெய்க்காவலர்கள்) பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினியையும் வைத்தார், ஆனால் கடம்பூர் அரண்மனையில் கொலை நடக்கும் இரவை வேண்டுமென்றே இருட்டாகவே விட்டார். நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் கண்டராதித்தரின் மகன் உத்தம சோழன் மீது சந்தேகம் கொண்டார். கும்பகோணம் பக்கத்துத் திருப்புறம்பியத்தில் பிறந்த சதாசிவப் பண்டாரத்தார், ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ நூலில் உத்தம சோழனுக்கு அதில் பங்கில்லை என்று வாதாடினார். கொலை நடந்தது உறுதி, செய்தவர்கள் பெயரும் உறுதி. ஆனால் யாருக்காகச் செய்தார்கள் என்பதில் மூன்று பெரியவர்கள் மூன்று வழியில் போகிறார்கள். மூன்று நூலுமே பெரும்பாலான மாவட்ட மைய நூலகங்களில் கிடைக்கும். நாவலை மட்டும் படித்துவிட்டு உத்தம சோழனைப் பற்றியோ பழுவூர்க்காரர்களைப் பற்றியோ தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று எல்லோரிடமும் மன்றாடிக் கேட்பேன்.

நந்தினி?

நந்தினி கல்கியின் கற்பனை. எந்தக் கல்வெட்டிலும் இல்லை. நாவலின் நாயகன் வந்தியத்தேவன் அப்படியில்லை, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவை ‘வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார்’ என்று வருகிறார்.

எங்கள் நூலகத்தில் இருக்கும் பழைய முதல் பாகத்தை எடுத்துப் பார்த்தால் காலிகோ பைண்டிங் இரண்டு முறை மாற்றியிருப்பது தெரியும். நந்தினி பல்லக்கில் வரும் பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் ‘பாவி’ என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், நீல மையில், ‘கோயிலில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த பெண்ணை இப்படி ஆக்கியது யார்?’ என்று இருக்கிறது. நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது, அது வேறு விஷயம். ஆனால் அந்த இரண்டாவது வாசகரின் கேள்வி சரியான கேள்வி. நந்தினி செய்ததை யாரும் நியாயப்படுத்த வேண்டாம். அவளுக்கு என்ன நடந்தது என்பதைக் கல்கி பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறாரே, அதையும் படிக்க வேண்டும்.

கம்பராமாயணத்தில் ராவணன் வில்லன்தானே? இதில் என்ன சந்தேகம்?

கம்பர் பிறந்தது தேரழுந்தூர், மாயவரத்திலிருந்து ஒரு எட்டு. அவர் ராவணன் செய்தது தவறு என்பதில் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. பிறன் மனைவியைத் தூக்கி வந்தவன் அழிந்தான், அவ்வளவுதான். ஆனால் அழிகிறவன் எவ்வளவு பெரியவன் என்பதைக் காட்டாமல் விடவும் இல்லை. முதல் நாள் போரில் தோற்றுத் திரும்புகிறவனைப் பாடும்போது, யானைகளோடு மோதிய மார்பு, மலையைத் தூக்கிய தோள் என்று ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் ‘வீரமும் களத்தே போட்டு வெறுங்கையொடு இலங்கை புக்கான்’ என்று முடிக்கிறார். எதிரியை இப்படிப் பாட ஒரு மனது வேண்டும்.

கும்பகருணன் விஷயத்தில் இன்னும் ஆழமாகப் போகிறார். அண்ணன் செய்வது தவறு என்று அவனுக்குத் தெரியும், அதை அண்ணன் முகத்துக்கு நேரே சொல்கிறான். போர்க்களத்தில் வீடணன் வந்து, ராமன் பக்கம் வந்துவிடு என்று அழைக்கிறான். கும்பகருணனின் பதில்:

‘நீர்க்கோல வாழ்வை நச்சி, நெடிது நாள் வளர்த்துப் பின்னைப்
போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர் கொடாது அங்குப் போகேன்’

தண்ணீரில் போட்ட கோலம் போன்ற வாழ்வுக்கு ஆசைப்பட்டு, இத்தனை காலம் வளர்த்துப் போருக்கு அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வர மாட்டேன் என்கிறான். தவறான பக்கத்தில் நின்று, தவறு என்று தெரிந்தே, சாகப் போகிறான். வீடணன் செய்தது அறம். கும்பகருணன் செய்தது நன்றி. எங்கள் வட்டத்தில் இந்தப் படலம் படித்த அன்று யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நின்றவர்கள், கூட்டுக் குடும்பத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள் எல்லோருக்கும் அதில் ஏதோ ஒன்று இருந்தது.

வாலி வதைப் படலத்தையும் விடாதீர்கள். மறைந்து நின்று அம்பு எய்தவனை வாலி கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். நாயகனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் அந்தக் கேள்விகளைக் கம்பர் ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

ராவணனை நாயகனாக்கி எழுதிய நூலும் நூலகத்தில் இருக்கிறதே. அது எப்படி?

புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’. 1946-இல் வெளிவந்தது. 1948-இல் அரசு தடை செய்தது. 1971-இல் தடை நீங்கியது. அதில் ராவணன் தமிழ் மன்னன், ராமன் எதிர்ப்பக்கம். மரபான முறையில் காண்டம் காண்டமாக அமைந்த காவியம் அது.

இப்படிப்பட்ட நூலை நூலகம் ஏன் வாங்க வேண்டும் என்று ஒரு பெரியவர் கோபமாகவே கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இந்திய நூலகத் துறைக்கு வழிகாட்டிய எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழியில் 1892-இல் பிறந்தவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அதே 1931-இல்தான் மன்னார்குடி பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் மாட்டு வண்டி நூலகம் ஊர் ஊராகப் புறப்பட்டது. புத்தகத்தை ஆளைத் தேடிக் கொண்டுபோன மண் இது. கம்பரை வணங்குகிறவரும் வரலாம், கம்பரோடு சண்டை போடுகிறவரும் வரலாம். இருவருக்கும் புத்தகம் இருக்க வேண்டும். இரண்டையும் ஒருவரே எடுத்துப் போனால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

நந்தனார் கதையில் வரும் வேதியர் உண்மையில் இருந்தாரா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு வில்லன் எப்படிப் பிறக்கிறான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை நம் பக்கத்தில் இல்லை.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நந்தனாரைப் பாடும் திருநாளைப்போவார் புராணத்தை எடுத்துப் படியுங்கள். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுக்கும் தொண்டு. திருப்புன்கூரில் நந்தி விலகிய நிகழ்ச்சி வருகிறது, தில்லைக்கு ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப் போனது வருகிறது, தீயில் புகுந்து எழுந்தது வருகிறது. பண்ணையார் வேதியர் மட்டும் அதில் எங்குமே இல்லை.

அவரைக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் பிறந்து, ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயவரத்திலும் வாழ்ந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நந்தன் ஒரு வேதியருடைய பண்ணையாள். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்துவிட்டுப் போ என்கிறார் எஜமான். ஒரே இரவில் இறைவன் அருளால் பயிர் விளைந்து நிற்கிறது. கடைசியில் வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

சேக்கிழார் பாடிய பன்னிரண்டாம் நூற்றாண்டில் நந்தனுக்குத் தடையாக நின்றது கோயில் மதிலும் பிறப்பைப் பற்றிய ஊர் வழக்கமும். அதற்கு முகம் கிடையாது. பாரதியார் வாழ்ந்த காலத்து டெல்டாவில் ஆயிரக்கணக்கான பண்ணையாட்கள் ‘உத்தரவு’ இல்லாமல் ஊரைத் தாண்ட முடியாமல் இருந்தார்கள். அவர் கண்ணால் கண்டதற்கு ஒரு முகம் கொடுத்தார். தானும் ஓர் அந்தணராக இருந்துகொண்டு அந்த முகத்தை அந்தண நிலக்கிழாரின் முகமாக வைத்தார். அதற்கு இருந்திருக்க வேண்டிய துணிவை நினைத்தால் இன்றும் மெய் சிலிர்க்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் (நூலைப் பாராட்டும் முகப்புப் பாடல்) தர முதலில் தயங்கினார் என்பதும், பாடலைக் கேட்டு உருகி அப்புறம் தந்தார் என்பதும் உ.வே.சாமிநாதையர் எழுத்தில் இருக்கிறது.

வேதியர் ‘இருந்தாரா’ என்றால், சேக்கிழார் காட்டும் ஆதனூரில் இல்லை. பாரதியார் வாழ்ந்த ஊர்களில் நிறையப் பேர் இருந்தார்கள்.

சிலப்பதிகாரத்தில் வில்லன் யார்? பொற்கொல்லனா, பாண்டியனா?

பூம்புகாரில் தொடங்கும் கதை, அதனால் நமக்கு உரிமை உண்டு. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பழியைக் கோவலன் மேல் போட்டவனும் அவனே. குற்றம் அவனுடையது. விசாரிக்காமல் கொல்லச் சொன்னது பாண்டியன். உண்மை தெரிந்ததும் அவன் ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று விழுந்து உயிர் விட்டான். தன் வாயால் தன்னைக் கள்வன் என்று சொன்ன பிறகு அவனை வில்லன் என்று நாம் சொல்ல என்ன இருக்கிறது?

பள்ளியில் யாரும் சொல்லித்தராத ஒரு வரி நூலின் முகப்பில், உரைபெறு கட்டுரையில் இருக்கிறது. கொற்கையில் இருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சீற்றம் தணிய, பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலியிட்டான் என்கிறது அது. ஒருவன் திருடினான், அவன் தொழில் செய்த ஆயிரம் பேர் செத்தார்கள். அந்த ஆயிரம் பேருடைய மனைவிகளில் எத்தனை கண்ணகிகள் இருந்திருப்பார்கள்? கதையில் ஒரு கெட்டவன் வந்தால் அவனுடைய சாதிக்காரர் எல்லோரையும் அதே கண்ணால் பார்க்கும் பழக்கம் இன்றும் போகவில்லை. நாவல் படிக்கும்போதும் சினிமா பார்க்கும்போதும் அந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்வெண்மணி பற்றிய நாவல்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், பெரியவர் ஒருவர் கூட இருந்து பேச வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு, நாகப்பட்டினம் பக்கம் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இது நம் பாட்டன் காலத்தில், நம் வாய்க்கால் பாயும் ஊரில் நடந்தது.

கும்பகோணத்துக்காரரான இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ இதைத் தொட்டு எழுதப்பட்டது. 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் பண்ணையார் கண்ணையா நாயுடுவின் வெறிக்கு அவருடைய ஆண்மைக் குறையை உளவியல் காரணமாக ஆசிரியர் வைக்கிறார். இதை ஏற்க முடியாது என்று இடதுசாரி வாசகர்கள் அன்றே எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்குக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்கள் ஒருவர் இருவர் இல்லை. அதை ஒரு தனி மனிதனின் உடம்புக் கோளாறாகச் சுருக்கினால், கோளாறு இல்லாத மற்றவர்கள் ஏன் கூடப் போனார்கள் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. ஆனாலும் அந்த நாவலைப் படிக்க வேண்டும். அன்றைய டெல்டாவின் அரசியல் பேச்சு, டீக்கடை, அதிகாரிகளின் மழுப்பல் எல்லாம் அதில் உயிரோடு இருக்கிறது. கூடவே சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ நாவலை எடுங்கள். அதே நிகழ்ச்சியை உழைக்கிறவர்கள் பக்கம் நின்று, அவர்கள் பேசும் மொழியிலேயே சொல்லும் நாவல் அது.

திருடன் நாயகனாக வரும் கதை பிள்ளைகளைக் கெடுக்காதா?

கல்கியின் ‘கள்வனின் காதலி’யைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. கொள்ளிடக் கரைப் படுகைக் காட்டில் ஒளிந்து திரியும் முத்தையன் திருடுகிறான்தான். ஆனால் அவனை அங்கே தள்ளியது எது என்று கதை முழுக்க எழுதியிருக்கிறார், அவனைத் தேடும் போலீஸ்காரரையும் நல்ல மனிதராகவே காட்டுகிறார். திருட்டை ஆசையாகக் காட்டும் வரி ஒன்றும் அதில் இல்லை. பயப்படாமல் கொடுங்கள்.

துப்பறியும் நாவல்களில் மட்டுமாவது வில்லன் தெளிவாக இருப்பானா?

இருப்பான், கடைசிப் பக்கத்தில். அதுவரை யார் என்று தெரியாமல் இருப்பதுதான் அதன் சுகம். இந்த வகையிலும் நம் மாவட்டம் பின்தங்கவில்லை. தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கும் வடுவூரின் துரைசாமி ஐயங்கார் தமிழில் துப்பறியும் நாவல்களுக்கு முன்னோடிகளில் ஒருவர். அவருடைய ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலில் வரும் திகம்பர சாமியார் 1950-இல் திரைக்கு வந்தபோது அந்த வேடத்தில் நடித்தவர் எம்.என். நம்பியார். பின்னாளில் ஊரே வில்லன் என்று திட்டிய அதே நம்பியார் அதில் குற்றத்தைக் கண்டுபிடிக்கும் நாயகன். வாழ்க்கையில் அவர் எவ்வளவு பக்தியும் ஒழுக்கமும் உள்ளவர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் கணேஷ், வசந்த் எல்லாம் இரவல் பகுதியில் கிடைக்கும். அட்டை கிழிந்திருக்கும், பக்கங்கள் சரியாக இருக்கும்.

தி. ஜானகிராமன் நாவல் எடுத்தேன். வில்லனையே காணோமே?

காண மாட்டீர்கள். மன்னார்குடி பக்கத்துத் தேவங்குடியில் பிறந்த அவர், காவிரித் தண்ணீரையும் கும்பகோணத்துத் தெருக்களையும் அவ்வளவு நுட்பமாக எழுதியவர், கெட்டவர்களை மட்டும் எழுத மறந்துவிட்டார் போல இருக்கும். ‘அம்மா வந்தாள்’ எடுங்கள். அப்பு சின்ன வயதிலேயே காவிரிக் கரை வேத பாடசாலைக்கு அனுப்பப்பட்டவன். படிப்பு முடித்து வீட்டுக்கு வந்ததும் அம்மா அலங்காரத்துக்கும் சிவசுவுக்கும் இருக்கும் உறவைக் கண்ணால் பார்க்கிறான். அப்பா தண்டபாணிக்குத் தெரியும். தெரிந்தே கூட இருக்கிறார்.

அலங்காரம் கெட்டவளா என்று வட்டத்தில் கேட்டபோது ஒரு மூத்த அம்மையார், ‘அவள் கெட்டவள் என்றால் அந்த மனுஷர் ஏன் அவளைக் கும்பிடுகிற மாதிரி பார்க்கிறார்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவளைத் திட்டுங்கள்’ என்றார். அவருக்குப் பதில் சொல்ல எங்களில் யாராலும் முடியவில்லை. நாயகனும் வில்லனும் இல்லாத நாவல் சப்பென்று இருக்கும் என்று நினைக்கிறவர்கள் இந்த ஒன்றைப் படித்துப் பார்க்கட்டும்.

என் மகன் எந்தக் கதை சொன்னாலும் ராட்சசனாக நடிக்கத்தான் ஆசைப்படுகிறான். கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். மெலட்டூருக்கு நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் போய்ப் பாருங்கள். பாகவத மேளா என்னும் இசை நாடகத்தில் பிரகலாத சரித்திரம் நடக்கும்போது கூட்டம் கண் இமைக்காமல் பார்ப்பது இரணியனைத்தான். குரல், நடை, ஆங்காரம் எல்லாம் அந்த வேஷத்தில் இருக்கிறது. அதைப் போடுகிறவரை ஊர் கெட்டவராகவா பார்க்கிறது? சின்னப் பிள்ளைக்குச் சத்தம் போடவும் பலம் காட்டவும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது, ராட்சசன் வேஷம் அதைக் கொடுக்கிறது. சிறுவர் பகுதியில் அரக்கர் கதைகளைத் தேடி எடுத்துக் கொடுங்கள். படித்த பிறகு, அந்த ராட்சசன் ஏன் அப்படிச் செய்தான் என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் நாம் நினைக்காத பதில் சொல்வார்கள்.

ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். சில படப் புத்தகங்களில் கெட்டவன் என்றாலே கறுப்பாக, குண்டாக, பல் துருத்தி வரைந்திருப்பார்கள். நம் பிள்ளைகள் பாதிப் பேர் கறுப்பு. அப்படிப்பட்ட படம் வந்தால் அந்த இடத்தில் நிறுத்திப் பேசிவிட்டு அப்புறம் பக்கத்தைத் திருப்புங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். இந்த நேரத்தில் கதைப் புத்தகம் வீண் இல்லையா?

காலையிலேயே வந்து இடம் பிடித்து உட்காரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன், அவர்கள் பாடு எனக்குத் தெரியும். தேர்வு முடியும்வரை நாவல் வேண்டாம். ஆனால் சிலப்பதிகாரமும் கம்பராமாயணமும் பெரியபுராணமும் சில தேர்வுகளின் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. வினா விடைப் புத்தகத்தில் இரண்டு வரியாக இருப்பதை மூலத்தில் ஒரு படலமாகப் படித்தால் மறக்காது.

நான் தேடும் புத்தகம் இங்கே இல்லை. என்ன செய்வது?

நூலகரிடம் சொல்லுங்கள். வேண்டிய புத்தகங்களை எழுதி வைக்க நோட்டு இருக்கும், அதில் நூல், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதுங்கள். தயங்க வேண்டாம், இது சலுகை இல்லை. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டப்படி நீங்கள் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. புத்தகம் உங்கள் பணத்தில் வருகிறது.

ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம்தான் எடுக்க முடிகிறது என்றால் எந்த இரண்டு?

முதல் தடவை, ‘பொன்னியின் செல்வன்’ ஏதாவது ஒரு பாகமும் பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ முதல் பகுதியும். அடுத்த தடவை, பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் பகுதி இருக்கும் உரைநூலும் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையும். இரண்டுமே சின்னவை, ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். அப்புறம் ‘குருதிப்புனல்’, ‘செந்நெல்’. கம்பராமாயணத்தை முழுதாக எடுக்க வேண்டாம், யுத்த காண்டத்தில் கும்பகருணன் வதைப் படலம் இருக்கும் தொகுதியை மட்டும் உரையோடு எடுங்கள். அந்தத் தொகுதி எங்கள் நூலகத்தில் அடிக்கடி வெளியே போயிருக்கும். பெயரை எழுதிக் கொடுத்தால் வந்ததும் எடுத்து வைப்பார்கள்.